ஆங்கில இலக்கியம் யாருடைய சொத்து?



ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படிக்கிறேன் எண்டால் எனக்கு ரெண்டு பக்கத்தாலயும் அடி. "அதைப் படிச்சு என்ன வேலை எடுப்பாய்?" எண்டு சொந்தக்காரர். "வெள்ளைக்காரன்ர இலக்கியம் எங்களுக்கெதுக்கு?" எண்டு எங்கட தோழர்கள்.

முதல் கேள்வி அரசாங்கத்தின் கேள்வி. படிப்பைச் சம்பளத்தால் அளக்கும் இந்தக் காலத்தில், 2022இல் ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பட்டத்தை இடைநிறுத்தியது. ஒக்ஸ்போர்டில் அப்பிடி நடக்கேல்ல. தொழிலாளியின் பிள்ளை படிக்கும் இடத்தில்தான் கத்தி விழுகுது.

கடனைப் பாருங்கோ. இங்கிலாந்தில் 2016இல் முதுகலைக் கடன் வந்தது. ஆண்டு வருமானம் 21,000 பவுண்ஸைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 6 சதவீதம் வெட்டுவார்கள். இண்டைக்குக் குறைந்தபட்சக் கூலிக்கு முழுநேரம் உழைத்தாலே அந்தக் கோடு தாண்டிவிடும். கடை லாச்சியில் நிற்பவரும் கட்டவேணும். "நல்லா உழைக்கேக்க கட்டலாம்" எண்டது வெறும் கதை.

இரண்டாவது கேள்விக்கு நைரோபி பதில் சொல்லிவிட்டது. 1968இல் கூகி வா தியாங்கோவும் தோழர்களும் ஆங்கிலத் துறையை ஒழிக்கச் சொன்னார்கள். வாசிப்பை ஒழிக்கச் சொல்லவில்லை. ஆபிரிக்காவை நடுவில் வைத்து மற்றதைச் சுற்றிவர வையுங்கள் என்றார்கள். அதையும் பல்கலைக்கழகத்துக்குள் நின்றுதான் கேட்டார்கள்.

வெளியே நிற்பவனுக்குப் பாடத்திட்டத்தை மாற்ற முடியாது. அதனால், "ஏன் படிக்கிறாய்?" எண்டு பிள்ளைகளைக் கேக்காதேங்கோ. "ஏன் காசு கேக்கிறாய்?" எண்டு அரசைக் கேளுங்கோ. துறைகளை மூடும்போது விரிவுரையாளர்கள் மறியலுக்கு வருவார்கள். அங்கே எங்கட பதாகையும் நிற்கவேணும்.