பிள்ளைகளின் கட்டுச்சோறும் குடியானவர் கடமையும்

பயிருக்கு இடும் எருவில் கணக்குப் பார்க்கும் குடியானவர், தம் மக்கள் பள்ளிக்கு எடுத்துச் செல்லும் பகலுணவில் அவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை. காலையில் புறப்படும் பிள்ளை மாலையில்தான் வீடு திரும்புகிறது. இடையில் உண்பது ஒரு வேளை ஆகாரமே. அது வெண்சோறும் சிறிது ஊறுகாயுமாக இருப்பின் வயிறு நிறையுமேயன்றி உடல் வளராது. சில வீடுகளில் அதுவும் போய், கடை ரொட்டித் துண்டுகளினிடையே பழப்பாகு தடவிக் கொடுத்தனுப்புவதே நாகரிகம் எனக் கருதப்படுகிறது. மைதாவும் சர்க்கரையுமான அவ்வுணவு வெண்சோற்றைவிட எவ்வகையிலும் மேலானதன்று.

1956-ல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்து, ஏழைப் பிள்ளைகளுக்குப் பேருதவி புரிந்து வருகிறது. எனினும் மேல்நிலை வகுப்பினருக்கும் தனியார் பள்ளிகளிற் பயில்வோருக்கும் வீட்டிலிருந்து கொண்டு செல்லும் கட்டுச்சோறே கதி.

1920-களில் குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய டாக்டர் மெக்கரிசன், இந்தியாவின் பல பாகத்து உணவுகளை எலிகளுக்கு ஊட்டி ஒப்பிட்டார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி அடங்கிய பஞ்சாபிய உணவை உண்டவை செழித்தன. தீட்டிய அரிசியே பெரும்பாகமான சென்னை மாகாணத்து உணவை உண்டவை மெலிந்தன. அரிசியோடு சேர வேண்டியவை சேராமையே இக்குறைக்கு முக்கிய காரணம்.

சேர வேண்டியவை யாவும் குடியானவர் நிலத்திலேயே விளைகின்றன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் சுமார் 10 மில்லிகிராமே. நிலக்கடலையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு புரதம். அரிசியின் புரதத்திலுள்ள குறையைத் தட்டைப்பயறும் கொள்ளும் ஈடு செய்யும். முருங்கைக்கீரையில் ஜீவசத்தும் சுண்ணாம்பும் மிகுதி. இவற்றைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, அப்பணத்தில் பிஸ்கோத்து வாங்கும் விந்தையை என்னென்பது!

கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் கூட்டிச் சுட்ட அடை, கம்பஞ்சோற்றுடன் கொள்ளுத் துவையல், எள்ளுப்பொடி கலந்த சோற்றுடன் அவித்த முட்டை, தட்டைப்பயற்றுச் சுண்டல் என நாளுக்கொன்றாக மாற்றலாம். உடன் ஒரு கொய்யாவோ நெல்லிக்கனியோ இருத்தல் நன்று. அவற்றின் புளிப்புச் சத்து, தானியத்திலும் கீரையிலுமுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பினின்று இறக்கிய பின்னரே பிழிதல் வேண்டும். தயிர்ச்சோற்றுக்குக் காய்ச்சி ஆறிய பாலை மிகுதியாகவும் தயிரைச் சிறிதாகவும் கலந்தால் பகலில் புளிக்காது. உணவை ஆவி அடங்கியபின் மூடுக. சூட்டோடு மூடினால் நீர் கோத்து விரைவில் கெடும். முதல் நாள் மிஞ்சிய சோற்றைத் தாளித்து அனுப்புதல் கூடாது. சோற்றில் வளரும் சில கிருமிகளின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. புளியும் தயிரும் சேர்ந்த உணவுக்கு ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரம் ஆகாது, எவர்சில்வர் ஏற்றது.

நடவுக் காலத்தில் இவற்றுக்கு நேரமில்லை என்பர். மாவையும் பொடியையும் ஓய்வு நாளில் ஒருமுறை தயாரித்து வைத்தால் விடியற்காலை வேலை குறையும். இப்பொறுப்பைத் தாயின் தலையிலேயே சுமத்தாமல் தந்தையும் பங்கேற்பது நியாயம்.

இவையனைத்தினும் பெரிய இடையூறு வெட்கம். கேழ்வரகு விளைவித்தவரின் மகன், தோழர் நகைப்பாரென்று அடையை மறைத்து உண்கிறான். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்தார் அத்தானியங்களை விலை கொடுத்து வாங்குகின்றனர். விளைவிப்பவரே அதனை இழிவாக எண்ணுவது தகுமா? பெற்றோர் தாமும் அதனை விரும்பி உண்பராயின் பிள்ளைகள் கூச்சம் நீங்குவர். ஆசிரியரும் ஒரு நல்ல சொல் சொல்லின் முற்றும் நீங்கும்.

ஆகவே இப்பருவ விதைப்பின்போது, ஒவ்வொரு குடியானவரும் வீட்டுப் பிள்ளைகளின் உணவுக்கென ஒரு சிறு பாத்தியில் கேழ்வரகும், அதன் வரப்பில் தட்டைப்பயறும், கிணற்றோரம் ஒரு முருங்கையும் ஒதுக்குவாராக. அவ்விளைச்சலைச் சந்தைக்கு அனுப்பாதிருத்தலே அதன் பெரும் லாபமாகும்.