ஸ்டேஷன் கேமரா யார் கையில்?



நைட் ஷிப்ட் முடிந்து வரும் ஒருவரை "சும்மா விசாரணைக்கு" என்று ஜீப்பில் ஏற்றிவிட்டால், அதன்பிறகு நடப்பதற்கு யார் சாட்சி? ஆனேக்கல் வட்டாரத்து ஜிகணி, பொம்மசந்திரா, அத்திபெலே கம்பெனிகளை நம்பிப் பிழைக்கிற நமக்கு இது எங்கோ நடக்கிற சங்கதி இல்லை.

2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் பிடித்து வைத்த ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் ஒரு வாரம்கூட உயிரோடு இல்லை. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமராவில் போதிய இடம் இருந்தும் பதிவுகள் அன்றன்றே அழியும்படி வைத்திருந்ததைக் கண்டு ஐகோர்ட்டுக்கு எழுதினார். அங்கே நடந்ததைப் பற்றி அந்த ஸ்டேஷன் தலைமைக் காவலர் ரேவதி பயத்தோடுதான் வாய் திறந்தார். ஐகோர்ட்டின் மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறை பொறுப்பில் விடச் சொன்னது. ரேவதி அம்மாவுக்கு நன்றி. ஆனால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு ரேவதி இருப்பார் என்று நம்பியா நாம் வாழ்வது?

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது: ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாசல், லாக்கப், வராண்டா எல்லாவற்றிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் காக்க வேண்டும், கேமரா இருக்கிறது என்று மக்கள் மொழியில் போர்டு வைக்க வேண்டும். அதற்கும் முன்பே, 2006இல், போலீஸ் மீதான புகாரை விசாரிக்க மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் ஆணையம் கேட்டது அதே கோர்ட். கர்நாடகம் 2012இல் சட்டம் திருத்தி ஆணையத்துக்கு இடம் வைத்தது. அடிபட்டவன் அதன் கதவைத் தட்ட வேண்டுமானால், நம் லைன் வீடுகளில் எத்தனை பேருக்கு விலாசம் தெரியும்? பக்கத்து ஓசூர்க்காரர் கதையும் மோசம்தான்: தமிழ்நாட்டின் 2013 சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி.யே உறுப்பினர். அடித்தவரின் மேலதிகாரியிடமே முறையிட வேண்டும்!

போலீஸ் ஒழிக என்று கத்தினால் கைதட்டல் கிடைக்கும். கேமரா பதிவு கிடைக்காது. நமக்கு வேண்டியது போலீஸுக்கு வெளியே இருந்து பார்க்கிற கண்.

ஆகவே இந்த வாரமே தகவல் உரிமை மனு போடுவோம். நம் ஸ்டேஷன்களில் கேமரா எத்தனை, ஓடுவது எத்தனை, பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்று கேட்போம். பத்து ரூபாய்தான் செலவு. இங்கே ஒரு மனுவில் ஒரே விஷயம், அதுவும் 150 வார்த்தைக்குள் என்பதால், கன்னடத்தில் சுருக்கமாக எழுதத் தெரிந்தவர்கள் முன்வர வேண்டும். ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதியே தலைவர், ஆனேக்கல்லிலேயே புகார் வாங்க வேண்டும் என்ற கோரிக்கையில் ஷெட் ஷெட்டாகக் கையெழுத்து வாங்குவோம். பீகார், ஒடிசா தோழர்களையும் விடாதீர்கள். போலீஸ் யாரையாவது கூட்டிப்போனால் நேரத்தைக் குறித்து வையுங்கள், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். தாலுகா சட்டப் பணிக் குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள்.

மனு போட ஜிகணிக்கு யார், அத்திபெலேவுக்கு யார், சர்ஜாபுராவுக்கு யார்? இன்று ராத்திரிக்குள் பெயர் கொடுங்கள்.