துணி கட்டிய பட்டணம்



திருப்பூர்க்காரர்களுக்குச் சென்னை புதிய ஊர் அல்ல. தூதரகத்தில் விசா, துறைமுகத்தில் சரக்கு, உயர் நீதிமன்றத்தில் வழக்கு, பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் என்று ஏதோ ஒன்றுக்காகச் சேரனிலோ நீலகிரியிலோ ராத்திரி ஏறுகிறோம். காலையில் சென்ட்ரலில் இறங்கி, ஆட்டோ பிடித்து, காரியத்தை முடித்துக்கொண்டு, அன்று ராத்திரியே திரும்பி ஏறிவிடுகிறோம். ஊரைப் பார்க்கவென்றே போனவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பழைய சிநேகிதம் விஷயத்திலும் இதே கதைதான். கல்யாணத்திலும் காரியத்திலும் பார்த்துக்கொள்கிறோம். மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து, கை கழுவும் இடத்தில் நின்று நாலு வார்த்தை பேசுவதற்குள், "ஷிப்மெண்ட் இருக்குதுங்க, வர்றேன்" என்று கிளம்பிவிடுகிறோம். நம் ஊரில் ஆள்களைப் பிரித்துவைப்பது பகையோ தூரமோ அல்ல, வேலை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலைதான் நம்மை வாழவைத்தது. ஆனால் அந்த வேலை நமக்குக் கொடுத்த மனிதர்களையும் அதே வேலைக்காக விட்டுவிடுகிறோமே என்று எனக்கு நெடுநாளாக மனசு அடித்துக்கொண்டிருந்தது.

பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள் என்பது நெடுநாள் வாசகர்களுக்குத் தெரியும். 1990களின் தொடக்கம், ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்த நேரம். நாங்கள் நான்கு பேர் ஒரே டேபிளில் நிற்போம். தைத்து வந்த பீஸைத் திருப்பிப் போட்டு, பிசிறு வெட்டி, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, தேறாததை ஒதுக்க வேண்டும். காலை எட்டரைக்கு நின்றால் ராத்திரி எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். ஷிப்மெண்ட் நெருங்கினால் விடிய விடிய. அந்த டேபிளில் நாங்கள் பேசாத பேச்சில்லை. அதில் ஒரு பேச்சு அடிக்கடி வரும்: நாலு பேரும் ஒருநாள் மெட்ராஸ் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வர வேண்டும். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் சீட்டுப் பணம், தங்கச்சி கல்யாணம், வீட்டு வாடகை என்று அது கரைந்துவிடும். கடல் அடுத்த போனசுக்குத் தள்ளிப்போகும்.

பிறகு ஆளுக்கொரு திசை. ஒருத்தி கல்யாணமாகிச் சென்னை பழைய வண்ணாரப்பேட்டைக்குப் போனாள். அவள் கணவருக்கு ரெடிமேட் கடை. சரக்கெல்லாம் நம் காதர்பேட்டையிலிருந்துதான் போகிறது. இன்னொருத்தியின் கணவர் சாயப்பட்டறையில் வேலை செய்தவர். 2011இல் பட்டறைகள் மூடப்பட்டபோது குடும்பத்தோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்விட்டார்கள். மூன்றாமவள் திருப்பூரை விட்டு நகரவில்லை. இன்று ஒரு பெரிய கம்பெனியில் ஃபைனல் செக்கிங் சூப்பர்வைசர். அவள்தான் ஒருநாள் போனில் சொன்னாள்: "பேத்தி பொறந்துட்டா. இன்னும் அந்தக் கடல பார்க்கல நாம."

அன்றே டிக்கெட் போட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி பெரம்பூரைத் தாண்டும்போதே சூப்பர்வைசர் அம்மா எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெரம்பூர், ஓட்டேரி வட்டாரத்தில்தான் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடின. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரல் 27 அன்று அந்த மில் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்டது. வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றவர். தொழிலாளர்கள் முதலில் கொண்டுவந்த குறை என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. இதை நான் சொன்னதும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து மூடுவதற்குள் பெல் அடித்த நாள்கள் எங்கள் இருவருக்கும் நினைவிருக்கின்றன. மில்கள் 1996இல் மூடப்பட்டுவிட்டன.

சென்ட்ரலில் ஸ்ரீபெரும்புதூர்க்காரி காத்திருந்தாள். "ஏ அம்மிணி, இப்படி இளைச்சுப் போயிட்டியே!" என்று ஆரம்பித்தவள் அப்புறம் பேச முடியாமல் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் வண்ணாரப்பேட்டை. அங்கே நாலாமவள் எங்களுக்காகச் சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பாலும் காய்ச்சி வைத்திருந்தாள். இத்தனை வருஷமாகியும் கை மாறவில்லை.

எம்.சி. ரோடு பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே தெருவே துணிதான். ஆனால் வண்ணாரப்பேட்டைக்கும் துணிக்கும் உள்ள உறவு இந்தக் கடைகளோடு தொடங்கியதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் அது. நல்ல தண்ணீரும், நீளத் துணிகளை வெயிலில் விரித்துப் போடத் திறந்தவெளியும் வேண்டியிருந்தன. நம் ஊரில் இன்று பிளீச்சிங் என்று இயந்திரத்தில் நடப்பது அங்கே வெறுங்கையாலும் வெயிலாலும் நடந்தது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த நாள் முழுவதையும் எனக்குப் புரியவைத்த விஷயம் இதுதான். சென்னை பிறந்ததே துணிக்காக. 1639இல் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம், இங்கே நல்ல துணி மலிவாகக் கிடைத்தது. அலை மோதும் கடற்கரை. கப்பல் அணைய வசதியான துறைமுகம் கிடையாது. இருந்தும் கோட்டை கட்டினார்கள், கோட்டையைச் சுற்றி நெசவாளர்களையும் சாயக்காரர்களையும் வியாபாரிகளையும் குடிவைத்தார்கள். சிந்தாதிரிப்பேட்டையே 1730களில் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் நூற்பவர்களுக்கும் நெசவாளர்களுக்கும் என்று உருவாக்கிய குடியிருப்பு. அமெரிக்காவில் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அந்தப் பெயருக்குரிய எலிஹு யேல் இந்தக் கோட்டையில் ஆளுநராக இருந்தவர். 1718இல் அவர் அந்தக் கல்லூரிக்கு அனுப்பிய நன்கொடைப் பொருள்களில் துணி மூட்டைகளும் இருந்தன. அவற்றை விற்ற பணம் அங்கே கட்டடம் கட்ட உதவியது.

வண்ணாரப்பேட்டையிலிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போனோம். உள்ளே நடந்துகொண்டே இவர்களுக்கு நான் இன்னொன்றும் சொன்னேன். கம்பெனிக்காரர்கள் முதலில் ஒரு மாதிரித் துணியைக் கொடுத்துவிடுவார்கள். வியாபாரிகள் அதைப்போலவே நெய்வித்துக் கொண்டுவர வேண்டும். வந்த துணியைக் கோட்டைக் கிடங்கில் விரித்து, மாதிரியோடு ஒப்பிட்டு, தரம் பிரித்து, ஒத்துவராததைத் திருப்பிவிடுவார்கள். சாம்பிள், அப்ரூவல், செக்கிங், ரிஜெக்ட் எல்லாம் முந்நூறு வருஷத்துக்கு முன்பே இங்கே நடந்திருக்கின்றன!

சூப்பர்வைசர் அம்மா உடனே கேட்டாள்: "கழிச்ச துணிக்கு நஷ்டம் யாரு தலையில?"

வியாபாரி தலையில், அவர் மூலமாக நெய்தவர் தலையில் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்றும் ஒரு லாட் ரிஜெக்ட் ஆனால் ஜாப் ஒர்க் எடுத்தவரின் கணக்கில் கை வைப்பது அவளுக்குத் தெரியாததா?

கோட்டை அருங்காட்சியகத்தில் நாணயம், பீரங்கி, ஓவியம் எல்லாம் உண்டு. நாங்கள் நெடுநேரம் நின்றது ஒரே இடத்தில்தான். 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கோட்டையில் ஏற்றப்பட்ட தேசியக் கொடி அங்கே கண்ணாடிப் பேழைக்குள் மங்கிய வெளிச்சத்தில் இருக்கிறது. பட்டுத் துணி. 12 அடி நீளம், 8 அடி அகலம். சென்னிமலையில் பிறந்து, திருப்பூர்த் தெருவில் கொடியை விடாமல் அடிபட்டு, 1932 ஜனவரி 11 அன்று உயிர்விட்ட குமரனின் ஊர்க்காரர்கள் நாங்கள். அவர் நினைவகத்தைத் தினமும் தாண்டிப் போகிறவர்கள். குமரன் பார்க்காத கொடியேற்றத்தின் துணி எங்கள் முன்னால் இருந்தது. நால்வருமே செக்கிங் பார்த்தவர்கள் அல்லவா, கண் தானாகத் தையலைத் தேடியது. பக்கத்தில் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு வண்ணாரப்பேட்டைக்காரி குமரன் கதையை முழுசாகச் சொல்லி முடித்தபிறகுதான் நகர்ந்தோம்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் உயர் நீதிமன்றம். 1892இல் திறந்த செங்கட்டடம், கோபுரத்தின் உச்சியில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கம் எரிந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். ஸ்ரீபெரும்புதூர்க்காரி மட்டும், "இங்கிருந்துதானே அந்த உத்தரவு வந்துச்சு" என்றாள். நொய்யல் பாசன விவசாயிகள் தொடர்ந்த வழக்கில், சாயக்கழிவைத் தடுக்காத பட்டறைகளை மூடச்சொல்லி 2011 ஜனவரியில் வந்த உத்தரவு. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அவள் குடும்பம் ஊரை விட்டது அந்த வருஷம்தான். அவளுக்கு அது வலி. ஆனால் ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி நின்ற கோலத்தையும், அதைச் சுற்றிய தோட்டங்களில் தென்னை காய்ந்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். விவசாயிகள் கேட்டது நியாயம். கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு நம் தொழில் மாறியதும் அந்த உத்தரவுக்குப் பிறகுதான். இந்த இரண்டையும் அவளே சொன்னாள். "ஆத்துக்கு நல்லதுதான் ஆச்சு. எங்களுக்கு யாராச்சும் ஒரு வழி சொல்லியிருக்கலாம்." அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்று இப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் பாரிமுனைப் பக்கம் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த பண்டம். நூடுல்ஸில் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் கலந்து கையாலேயே பிசைந்து தருகிறார்கள், கூட வாழைத்தண்டு சூப். திருப்பூரில் இவ்வளவு ருசியாக எங்கும் சாப்பிட்டதில்லை.

பிறகு கடல். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு பேத்தி எடுத்தவள் அலையில் நின்ற நேரம் எங்களுடையது. திரும்பும் வழியில் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959இல் நிறுவப்பட்டது. நான்கு பேர் சேர்ந்து பாறையைப் புரட்டுகிறார்கள். நரம்பு புடைத்த அந்தக் கைகளைப் பார்த்தால் நமக்கே தோள் வலிக்கும். அந்தக் கடற்கரையில்தான் சிங்காரவேலர் 1923இல் நாட்டின் முதல் மே தின விழாவை நடத்தினார். பெரிய கலை, பெரிய இடம். ஆனாலும் நாங்கள் நான்கு பேரும் ஒரே சமயத்தில் கவனித்தது, அந்த நால்வரில் ஒரு பெண் இல்லை. திருப்பூரில் ஒரு உழைப்பாளர் சிலை வைத்தால், டேபிளின் முன்னால் நிற்கும் ஒரு பெண் கட்டாயம் அதில் இருக்க வேண்டும். இதை நம் மாநகராட்சிக்கு ஒரு கோரிக்கையாகவே இந்தப் பக்கத்தில் வைக்கிறேன்.

ராத்திரி வண்டியில் ஊர் திரும்பினோம். திங்கள் காலை அவள் கம்பெனிக்கு, நான் அலுவலகத்துக்கு. பெரிய செலவில்லை. முன்கூட்டி டிக்கெட் போட்டால் தூங்கும் வசதியோடு போய்வரலாம், வெள்ளைப் பலகை மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் ஞாயிறு போவதே நமக்கு நல்லது. எழும்பூரை நாங்கள் பார்க்கவில்லை. அங்குள்ள சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கு ஒரு முழு நாள் தனியாக வேண்டும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் கேட்டால் "எதுக்கு?" என்பார்கள். வேலை விஷயம், கோயில், வைத்தியம் என்று காரணம் தேட வேண்டாம். சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள். அது போதுமான காரணம்.

உங்களோடு ஒரே டேபிளில் நின்றவர், ஒரே பவர்டேபிளில் தைத்தவர், ஒரே வகுப்பில் படித்தவர் யாரோ ஒருவர் இப்போது ஏதோ ஒரு ஊரில் இருப்பார். இந்தத் தீபாவளி போனஸ் விடுமுறையில் அவரோடு ஒரு பயணம் போய்வாருங்கள். போய்வந்ததை எங்களுக்கு எழுதுங்கள், படமும் அனுப்புங்கள். பொங்கல் இதழில் பக்கங்களை உங்களுக்காக ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்