சுவடி காட்டிய வழி



பழஞ்சுவடியைப் பிரித்துப் படிக்கும் விரலுக்கு அரியணைகளை அசைக்கும் ஆற்றல் உண்டு. ஐரோப்பிய வரலாறே இதற்குச் சான்று. மேலை உரோமைப் பேரரசின் ஆட்சியையே கான்சுடண்டைன் மன்னன் போப்பாண்டவர்க்கு எழுதிக் கொடுத்தான் என்று கூறும் ஆவணம் ஒன்று பல நூற்றாண்டுகள் போற்றப்பட்டு வந்தது. 1440இல் இலாரன்சோ வல்லா என்னும் இத்தாலியப் புலவர் அதன் சொற்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். நான்காம் நூற்றாண்டில் வழங்காத சொற்கள் அதில் கிடந்தன. ஆவணத்தின் பொய்ம்மை வெளிப்பட்டது. 1516இல் எராசுமசு புதிய ஏற்பாட்டை அதன் கிரேக்கத்திலேயே பதிப்பித்தார். அதன் இரண்டாம் பதிப்பின் துணைகொண்டு, 1522இல் மார்ட்டின் இலூதர் அதனைச் செருமானிய மக்களின் மொழியில் வெளியிட்டார். கடவுளுக்கும் உழவனுக்கும் இடையே நின்ற மொழிச்சுவரில் உடைப்பு விழுந்தது. முதல்நூலை நீயே படித்துத் தெளி என்பதே அம் மறுமலர்ச்சி மாந்தர்க்குத் தந்த கட்டளை.

அத்தகைய மறுமலர்ச்சி நம் காவிரிக் கரையிலும் தோன்றியது. 1880இல் குடந்தைக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த உ.வே. சாமிநாதர், அந்தாதியும் கலம்பகமும் பிள்ளைத்தமிழும் நிரம்பக் கற்றவர். சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று சேலம் இராமசாமியார் கேட்ட ஒரு கேள்வி அவர் வாழ்வையே திருப்பியது. சிவநெறிச் சூழலில் வளர்ந்த அவர், அந்நூலின் பொருள் அறியக் குடந்தைச் சமணர்தம் இல்லங்களை நாடிச் சென்று பாடம் கேட்டார். ஒரு நெறியார் மற்றொரு நெறியாரின் நூலை அவர்தம் வாயாலேயே கேட்டறிந்த அந்நிகழ்ச்சி, சமயப் பகைமைக்குச் சுவடி தந்த மறுமொழி. 1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலம்பும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அச்சேறின. ஈழத்துத் தாமோதரனார் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் காத்தளித்தார்.

அச்சேறிய ஏடு அமைதியாக இருந்துவிடவில்லை. நாகைப் பகுதியில் பிறந்த மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ்க் கொடியை உயர்த்தினார். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டுத் தமிழிசையின் தொன்மையைச் சிலம்பின் துணையோடு நாட்டினார். 1911இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கம், உமாமகேசுவரனார் தலைமையில், தமிழைச் செம்மொழியென ஏற்க வேண்டும் என்று முழங்கியது. அக்குரலுக்கு இந்திய அரசு செவிசாய்த்தது 2004இல்! புலவர் மேசையில் பிறந்த எண்ணம் அரசாணையாக முதிர இத்தனை காலம் வேண்டியிருந்தது.

சமயத்துறையிலும் இந்நிலைதான். பெருவுடையார் கோயில் கல்வெட்டைப் படியுங்கள். திருப்பதியம் பாட நாற்பத்தெண்மரையும், உடன் கொட்ட இருவரையும் இராசராசன் அமர்த்தினான். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளந்தான். தமிழ்ப்பாட்டுக்குத் தஞ்சை நெல்லை ஊதியமாக்கிய அதே கோயிலின் குடமுழுக்கில் தமிழ் ஒலிக்க வேண்டுமென்று, 2020இல் நாம் உயர்நீதிமன்றப் படியேறினோம்! தமிழிலும் வடமொழியிலும் நடத்த மதுரைக் கிளை ஆணையிட்டது. கல்லில் எழுதிய உரிமையை வழக்காடிப் பெறும் நிலை ஏன் வந்தது? கல்லைப் படிப்பார் குறைந்ததனால் அன்றோ?

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. எல்லா ஊரையும் தம்மூராகவும் எல்லாரையும் உறவினராகவும் கருதிய பூங்குன்றனாரின் பாட்டு அச்சேறி முக்கால் நூற்றாண்டு நெருங்கிய வேளையில், அன்றைய தஞ்சை மாவட்டத்து வெண்மணியில், கூலிநெல் கூடுதலாகக் கேட்ட உழைப்பாளர் குடும்பத்தினர் நாற்பத்து நால்வர் ஒரு குடிசைக்குள் தீக்கிரையாயினர். அது 1968, திசம்பர் 25. ஏட்டில் மலர்ந்த மாந்தநேயம் வயல்வரப்பைத் தாண்டவில்லை. ஐரோப்பாவிலும் இப்படியே நேர்ந்தது. இலூதரின் எழுத்தைப் படித்து உரிமை கேட்டெழுந்த செருமானிய உழவர் 1525இல் வெட்டி வீழ்த்தப்பட்டனர். இலூதரே அவர்களுக்கு எதிராக எழுதினார். படித்தவன் பாதி வழியில் நின்றுவிட்டால் மறுமலர்ச்சி வெறும் அழகுப்பேச்சாகிவிடும்.

வல்லாவிடம் நாம் கற்க வேண்டிய பாடம் இன்னும் ஒன்று உண்டு. தாம் மதித்த திருச்சபையின் ஆவணத்தையே அவர் உரைகல்லில் உரைத்துப் பார்த்தார். நம் பெருமையையும் நாம் அவ்வாறே உரைத்துப் பார்க்க வேண்டும். சான்றில்லாப் பழம்பெருமை தமிழுக்கு வேண்டா. மெய்யான பெருமையே நம்மிடம் மலையளவு கிடக்கிறது. பொய்யொன்று கலந்தால் அம்மலையையும் உலகம் ஐயுறும்.

ஆகவே, தஞ்சை இளைஞர்களே! உங்கள் ஊர்க் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய வீட்டுப் பரணில் ஓலையிருந்தால் ஆற்றிலோ அடுப்பிலோ இடவேண்டா. தமிழ்ப் பல்கலைக்கழகத்திற்கோ சரசுவதி மகாலுக்கோ கொண்டு சேர்த்திடுங்கள். படித்ததைக் களத்துமேட்டில் நெல் தூற்றுவோர்க்கும் எடுத்துச் சொல்லுங்கள். அவர்களும் தலைநிமிர்ந்து வாழும் நாளில்தான் காவிரிக்கரை மறுமலர்ச்சி முழுமை பெறும்.