பொம்மைப் படம் பார்க்கிற வயசா இது?

அக்காவிடமிருந்து போன்.

"டேய், பையன் ரூமை விட்டே வெளியே வர்றதில்லை. எந்நேரமும் லேப்டாப்புல பொம்மைப் படம். பத்தொன்பது வயசாகுது, பொம்மைப் படம் பார்க்கிற வயசா இது? நீ வந்து கேளு. உன்கிட்டதான் பேசுவான்."

போனேன். தாய்மாமன் பதவிக்கு சீர் செலவு தவிர, இப்படித் தூது போகிற வேலையும் உண்டே!

"என்னடா பார்க்கிற?"

"அனிமே. உங்களுக்குப் புரியாது மாமா."

சுருக்கென்றது. பி.காம். ஸார்! பாலன்ஸ் ஷீட்டே புரிந்தவனுக்குப் பொம்மைப் படம் புரியாதா? "லிஸ்ட் குடு, பார்த்துட்டு வர்றேன்" என்று சவால் விட்டேன். துண்டுச் சீட்டில் ஐந்து பெயர் எழுதி நீட்டினான்.

முதல் பெயர், 'பர்ஃபெக்ட் ப்ளூ'. சதோஷி கோன் இயக்கிய முதல் சினிமா, 1997. மீமா என்ற பாட்டுக்காரப் பெண், பாடுவதை விட்டு நடிக்கப் போகிறாள். இன்டர்நெட்டில் யாரோ அவள் பெயரில் டயரி எழுதுகிறார்கள். அவள் அன்றாடம் செய்கிற சின்ன விஷயம்கூட விடாமல்! போகப் போக அவளுக்கே குழப்பம்: நிஜ மீமா நானா, டயரியில் இருப்பவளா? சிரித்தபடி ஒரு போட்டோவைப் போட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து விட்டத்தைப் பார்க்கிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். (ரத்தமும் பலாத்காரக் காட்சியும் உண்டு. குழந்தைகளோடு பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.) கோன் 2010-ல், 46 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். எடுத்து முடித்த சினிமா நாலே நாலு.

இரண்டாவது, 'நியான் ஜெனசிஸ் இவாஞ்சலியன்'. ஹிடேயாகி அன்னோ இயக்கம். 1995 அக்டோபரில் ஜப்பான் டி.வி.யில் ஆரம்பித்தது, 26 எபிசோட். ராட்சஸ ரோபோ, ஊரை அழிக்க வரும் வினோத ஜந்துக்கள். ரோபோவை ஓட்ட வேண்டியவன் 14 வயது ஷின்ஜி. வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காத அப்பா கூப்பிட்டு அனுப்புகிறார். போனால், "ஏறி ஓட்டு" என்கிறார். நம்ம ஊர் ஹீரோ காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஏறியிருப்பார். ஷின்ஜி மாட்டேன் என்கிறான். பயம். அடிபட்டுக் கிடக்கும் ஒரு பெண்ணை அவனுக்குப் பதிலாக ஏற்றப் பார்க்கிறார்கள் என்பதால்தான் ஏறுகிறான். அதற்கப்புறம் ஏறுவதெல்லாம், அப்பா ஒரு வார்த்தை பாராட்ட மாட்டாரா என்று!

கடைசி இரண்டு எபிசோடில் சண்டையே கிடையாது. கதை பையனின் மனசுக்குள் நடக்கிறது. ரசிகர்கள் பலர் கொதித்துப்போனார்கள். 1997-ல் முடிவுக்கென்றே தனியாக ஒரு சினிமா எடுக்க வேண்டி வந்தது. இந்தத் தொடருக்கு முன்னால் நாலு வருஷம் தான் ஒன்றும் செய்ய முடியாமல் உடைந்து கிடந்ததை அன்னோவே எழுதியிருக்கிறார்.

மூன்றாவது, 'வெல்கம் டு தி என்.எச்.கே.' 2006, 24 எபிசோட். சாட்டோவுக்கு வயசு 22. காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு, வருஷக்கணக்கில் அறைக்குள் அடைந்து கிடப்பவன். ஜப்பானில் இதை 'ஹிகிகோமோரி' என்கிறார்கள். தமாகி சாய்ட்டோ என்ற மனநல டாக்டர் 1998-ல் எழுதிய புத்தகத்தால் பிரபலமான வார்த்தை. தன்னை முடக்கிப் போட்டது ஒரு ரகசியக் கும்பலின் சதி என்று சாட்டோ கண்டுபிடிக்கிறான். கும்பலின் பெயர் என்.எச்.கே.! (நமக்கு தூர்தர்ஷன் மாதிரி, அவர்களுக்கு என்.எச்.கே.) விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஊரிலிருந்து அம்மா போன் பண்ணுகிறாள். வேலையில் இருக்கிறேன், காதலிகூட உண்டு என்று அள்ளி விடுகிறான். அம்மா நேரில் பார்க்கவே கிளம்பி வருகிறாள்!

அங்கே என் சிரிப்பு நின்றது. சி.ஏ. இன்டர் மூன்றாம் தரமும் ஊத்திக்கொண்டபோது, "ரிசல்ட் இன்னும் வரலைப்பா" என்று நாலு மாசம் ஓட்டியவன் நான்.

சீட்டை எடுத்துப் பார்த்தேன். வெளியே ஒரு முகம், உள்ளே ஒரு முகம். அப்பாவின் ஒரு வார்த்தைக்கு ஏங்குகிற பையன். பூட்டிய அறை. பயல் லிஸ்ட் என்ற பெயரில் எனக்கு லெட்டர் எழுதியிருக்கிறான் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

மறுநாளே போனேன். கட்டிலில் உட்கார்ந்து, அவன் கேட்காமலே என் சி.ஏ. கதையைச் சொன்னேன். அட்வைஸ் எதுவும் பண்ணவில்லை. (தாய்மாமனுக்கு இது பெரிய சாதனை.) ரொம்ப நேரம் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு அரியர் மாமா. அம்மாவுக்கு ஒண்ணுதான் தெரியும்."

அன்றைக்கே அக்காவிடம் சொன்னோம். அழுதாள், திட்டினாள், அப்புறம் தோசை வார்த்தாள்.

மீதி இரண்டையும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்தே பார்த்தோம். 'மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்' (2016-18, 44 எபிசோட்): ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்தில் தொழில்முறை ஆட்டக்காரனான 17 வயது ரேய், குடும்பத்தை விபத்தில் இழந்து தனியாக வசிக்கிறான். அக்கம்பக்கத்து மூன்று சகோதரிகள் அவனைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறார்கள். அவர்கள் பண்ணுகிற வைத்தியத்தில் பாதி அந்தச் சோறுதான். 'மான்ஸ்டர்' (2004-05, 74 எபிசோட்): மேயரைக் கவனி என்ற மேலிடத்து உத்தரவை மீறி, தலையில் குண்டு பாய்ந்த சிறுவனைக் காப்பாற்றுகிறார் டாக்டர் டென்மா. ஒன்பது வருஷம் கழித்து அந்தச் சிறுவன் கொலைகாரனாக எதிரே வந்து நிற்கிறான். செய்த நல்லதே தப்பாகிப் போனால் மனுஷன் என்ன பண்ணுவான்?

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் சோறு போடும் கதையில் ஆரம்பியுங்கள். 'பர்ஃபெக்ட் ப்ளூ' ராத்திரி தனியாக வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். பொம்மைப் படம் மருந்தாகாது. பையன் இப்போது ஒரு டாக்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறான். இரண்டு அரியர் க்ளியர், இரண்டு பாக்கி. ஆனால் இந்த ஹீரோக்கள் பயத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். அப்ரைசலுக்கு முதல் நாள் ஆபீஸ் கேன்டீனில் நம்மில் எத்தனை பேர் அதைச் சொல்லியிருப்போம்? உங்கள் வீட்டுப் பையன் எதையாவது 'பாருங்க' என்று சொன்னால், பார்த்துவிடுங்கள்.

நேற்று மறுபடி அக்காவிடமிருந்து போன்.

"ஏண்டா, அவனுக்கு முன்னாடி நீ லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்றியாமே... முப்பத்தேழு வயசாகுது, பொம்மைப் படம் பார்க்கிற வயசா இது?"