‘பொம்பளைப் பிள்ளைக்கு அதெல்லாம் வராது’

ஆட்டிசம் என்றாலே நம் மனதில் வந்து நிற்பவன் ஒரு பையன். பொம்மைக் கார்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதவன். பெண் குழந்தைக்கென்றால் வேறு பெயர்கள் தயாராக இருக்கின்றன: கூச்ச சுபாவம், பிடிவாதம், தொட்டாற்சிணுங்கி. பாட்டிமார் சொன்னால் விட்டுவிடலாம். படித்த டாக்டர்களே சொல்கிறார்கள்.

1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் பற்றி எழுதியபோது விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் பையன்கள். மறு ஆண்டு மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதிய நால்வரும் பையன்கள். பையன்களைப் பார்த்து அறிகுறிகளை வகுத்தார்கள்; அதை வைத்தே பரிசோதனைகளை அமைத்தார்கள்; அதில் பெண்கள் குறைவாகச் சிக்கியதும், ‘பெண்களுக்கு அபூர்வம்தான்’ என்று முடித்தார்கள். 2002-இல் உளவியலாளர் சைமன் பேரன்-கோஹன் ஒரு படி மேலே போய், ஆட்டிசம் ஆண் மூளையின் அதீத வடிவம் என்றே எழுதினார். இத்தனைக்கும் 1920-களிலேயே சோவியத் மருத்துவர் க்ரூன்யா சுகரேவா, பையன்களைப் பற்றி எழுதிய கையோடு சிறுமிகளைப் பற்றியும் எழுதியிருந்தார். அதைச் சீந்துவாரில்லை.

ஆண்களுக்கு அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு அதிகம்? 54 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கணக்கு இது: ஏற்கெனவே ஆட்டிசம் என்று சான்று பெற்றவர்களை மட்டும் எண்ணினால் ஒரு பெண்ணுக்குச் சுமார் நாலரை ஆண்கள், மக்களிடையே தேடிப்போய்ப் பரிசோதித்தால் சுமார் மூன்றேகால். நடுவில் காணாமற்போன பெண்கள் எங்கே?

கல்யாண வீட்டில் இருக்கிறார்கள். பட்டுப்பாவாடையின் ஜரிகை தோலை அறுக்க, நாதஸ்வரம் காதைக் கிழிக்க, சித்தி மகள் எப்போது சிரிக்கிறாள் என்று பார்த்து அதே மாதிரி சிரித்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பாருங்கள். ‘சௌக்கியமா அத்தை, சாப்டீங்களா’ என்பதை வண்டியிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருப்பாள். மறுநாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பாள். ‘அலைச்சல், பாவம்’ என்பார் அம்மா. பையன் ரயில் எண்களை ஒப்பித்தால் டாக்டரிடம் அழைத்துப் போகிறோம். இவள் ஒரு நடிகரின் எல்லாப் படங்களையும் தேதிவாரியாக ஒப்பித்தால் ரசிகை என்று சிரித்துவிட்டுப் போகிறோம். எதன்மீது ஆர்வம் என்பதைப் பார்க்கிறோமே தவிர, அது எவ்வளவு தீவிரம் என்பதைப் பார்ப்பதில்லை.

நம் வீடுகளில் இதற்குக் கூடுதல் வசதி. பேசாத பெண் அடக்கமானவள். நிமிர்ந்து பார்க்காதவள் நல்லவள். பையனிடம் அறிகுறியாகத் தெரிவது பெண்ணிடம் நற்சான்றிதழ் ஆகிவிடுகிறது. (இதற்காக ‘பெண் ஆட்டிசம்’ என்று தனியாக ஒரு பெட்டியைச் செய்துவிடவும் வேண்டாம். இப்படி மறைத்துக்கொண்டு வாழும் ஆண்களும் உண்டு. கார்களை அடுக்கும் சிறுமிகளும் உண்டு.)

மறைப்பதற்கு விலை இருக்கிறது. இவர்களில் பலர் பதின்வயதில் மனச்சோர்வு, பதற்றம், சாப்பிட மறுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்துச்சீட்டுடன் அலைகிறார்கள். அடியில் இருப்பதை யாரும் கேட்பதில்லை. தன் மகனுக்கு ஆட்டிசம் என்று அறிந்து, அவனுக்கான கேள்வித்தாளை நிரப்பும்போதுதான் ‘இது என் கதையல்லவா’ என்று திடுக்கிடும் தாய்மார்கள் உண்டு. அவர்கள் சந்தேகத்தோடு டாக்டரிடம் போனால் என்ன பதில் கிடைக்கிறது? ‘கண்ணைப் பார்த்துப் பேசறீங்க, கல்யாணமாகிக் குழந்தை இருக்கு, உங்களுக்கு எப்படிம்மா?’

கல்யாணமும் குழந்தையும் எந்த மருத்துவ நூலிலும் ஆட்டிசத்துக்கு எதிரான சான்று அல்ல. கண்ணைப் பார்த்துப் பேச எங்கே, எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று அந்த டாக்டர் அடுத்த கேள்வி கேட்டிருக்கலாம்.