இத்தாலியில் கிடைக்காத இத்தாலியச் சாப்பாடு

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூ ஜெர்சியோ ரோட் ஐலண்டோ கனெக்டிகட்டோ, ஓரளவு பெரிய ஊர் எதுவானாலும் அங்கே ஒரு பழைய இத்தாலிய உணவகம் இருக்கும். சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு, உட்கார்ந்ததும் கேட்காமலே வரும் ரொட்டிக் கூடை, சுவரில் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் படம். உணவுப் பட்டியலில் ஸ்பெகட்டி அண்ட் மீட்பால்ஸ், சிக்கன் பார்மிஜான், பேக்ட் ஸீட்டி என்ற சுட்ட குழல் பாஸ்தா, கார்லிக் பிரெட். எல்லாவற்றின் மேலும் தாராளமாகத் தக்காளி சாஸ், அதற்கு மேல் உருகிய சீஸ். மிலானிலிருந்து வருகிறவர் இதைப் பார்த்துச் சிரிப்பார். விடுமுறைக்கு டஸ்கனி போய்வந்த அமெரிக்கரும் இப்போது அவரோடு சேர்ந்து சிரிக்கிறார். ‘இது இத்தாலியச் சாப்பாடே இல்லை’ என்பது இருவரின் தீர்ப்பு. அதில் பிழையில்லை. அங்கிருந்து ‘ஆகவே இது போலி’ என்று தாவுவதில்தான் பிழை. போலி என்று சொல்ல வேண்டுமானால் அசல் ஒன்று முன்பே இருந்திருக்க வேண்டும். இங்கே அசல் என்று காட்டப்படுவதற்கும் போலி என்று ஒதுக்கப்படுவதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. சில இடங்களில் போலிதான் மூத்தது.

1880க்கும் 1920களின் தொடக்கத்துக்கும் இடையில் நாற்பது லட்சத்துக்கும் அதிகமான இத்தாலியர் அமெரிக்காவில் வந்திறங்கினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிசிலி, கலாப்ரியா, காம்பானியா என்று தெற்கிலிருந்து வந்த நிலமற்ற கூலிகள். 1861இல் இத்தாலி ஒரே நாடானபோது அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் புது வரிகளும் கட்டாயப் படைச்சேவையும்தான். ஊரில் அவர்கள் சாப்பிட்டது மட்டமான ரொட்டி, பயறு வகைகள், காட்டுக் கீரை. வடக்கத்திய விவசாயிக்கு அதுவும் இல்லை; மக்காச்சோளக் களியையே நம்பி வாழ்ந்து பெல்லாக்ரா என்ற சத்துக்குறை நோயில் விழுந்தவர்கள் அங்கே ஏராளம். மாட்டிறைச்சி என்பது பண்ணையார் வீட்டு விஷயம்; ஏழைக்கு அது திருவிழாவிலும் கல்யாணத்திலும் கண்ணில் பட்டால் உண்டு. கடல் கடந்த ஏழைகள் ஊரில் தாங்கள் எப்போதும் சாப்பிட்டதை அமெரிக்காவில் சமைக்கவில்லை, ஊரில் மேல்தட்டினர் சாப்பிடக் கண்டதையே சமைத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ஹாஸியா டைனர் தன் ஆய்வில் காட்டியிருக்கிறார். அமெரிக்காவில் மாட்டிறைச்சி மலிவு, கோதுமை மலிவு. சுரங்க ரயில் பாதை தோண்டியும் செங்கல் சுமந்தும் வாங்கிய கூலியில் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமையே திருவிழாவாயிற்று.

மீட்பால்ஸ் என்ற இறைச்சி உருண்டையின் கதையை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தெற்கு இத்தாலியில் அது சிறிய உருண்டை. கொஞ்சம் இறைச்சியோடு ஊறவைத்த பழைய ரொட்டியை நிறையச் சேர்த்துப் பிசைந்தது. பெரும்பாலும் தனியாகச் சாப்பிடுவது. பாஸ்தாவும் உருண்டையும் ஒரே தட்டில் சேர்வதே இத்தாலியில் கிடையாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அப்படியுமில்லை, அப்ரூட்சோவின் தேராமோ பகுதியில் கடலைப் பருமனுள்ள உருண்டைகளோடு பாஸ்தா பரிமாறும் வழக்கம் உண்டு. அமெரிக்காவில் ரொட்டி குறைந்து இறைச்சி கூடியது, உருண்டை கைப்பிடி அளவுக்கு வளர்ந்தது, ஸ்பெகட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தது. கத்தரிக்காயை வறுத்து, சாஸும் சீஸும் அடுக்கிச் சுடும் பார்மிஜானாவில் கத்தரிக்காயின் இடத்துக்குக் கன்றிறைச்சி வந்தது, பிறகு கோழி வந்தது. இது சமைக்கத் தெரியாதவர்களின் தடுமாற்றமல்ல. பசியிலிருந்து தப்பிய ஒரு தலைமுறை, தன் வாழ்வு எவ்வளவு மாறிவிட்டது என்பதைத் தட்டிலேயே கணக்கெழுதி வைத்தது. அந்தத் தட்டு நிரம்பி வழிவதை நாகரிகக் குறைவு என்று பழிப்பவர், நிரம்பாத தட்டை அறியாதவர்.

உணவகத்தின் கதை இன்னும் சுவாரசியமானது. தனியாக வந்த ஆண்களுக்குச் சோறு போட்ட விடுதிகளில் அது தொடங்கியது. அப்போது பூண்டு வாடையே அமெரிக்கர்களுக்கு ஆகாது. எல்லாவற்றையும் கலந்து சமைப்பது செரிமானத்துக்குக் கேடு என்று அன்றைய ஊட்டச்சத்து நிபுணர்கள் இத்தாலியப் பெண்களுக்குப் பாடம் நடத்தினார்கள். வெறுப்பு சமையலறையோடு நிற்கவில்லை. 1891இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கும்பல் பதினோரு இத்தாலியரைக் கொன்றது. இந்தச் சூழலில் வந்தது 1920 முதல் 1933 வரையிலான மதுவிலக்கு. வீட்டு உபயோகத்துக்குப் பழரசம் புளிக்கவைக்கச் சட்டத்தில் இடமிருந்தது, இத்தாலியர் வீட்டில் ஒயின் செய்வது பழைய பழக்கம். ஒயினைக் காபிக் கோப்பையில் ஊற்றித் தந்த இத்தாலியக் கடைகளுக்குக் குடிக்கப் போன அமெரிக்கர், ஸ்பெகட்டிக்கும் ரசிகராகித் திரும்பினார். கட்டம் போட்ட விரிப்பும், வைக்கோல் சுற்றிய கியாந்தி ஒயின் பாட்டிலும், பாடிக்கொண்டே பரிமாறும் பணியாளரும் வாடிக்கையாளரை எண்ணி அமைத்த மேடை. அஞ்சி விலக்கப்பட்ட மக்கள் தங்களை அன்பான, ஆபத்தில்லாத மனிதர்களாகக் காட்டிக்கொள்ள வகுத்த உத்தி அது. நாடகத்தனம் என்றால் ஆம், நாடகத்தனம்தான். அந்த நாடகத்துக்கு அவர்களை யார் தள்ளியது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இனி, அசல் போலி என்று எடைபோடும் தராசையே பார்ப்போம். இத்தாலியச் சமையல் என்று இன்று உலகம் கொண்டாடுவது எவ்வளவு பழையது? அந்நாட்டின் பொதுச் சமையலுக்கு அடித்தளமிட்டதாகக் கருதப்படும் பெல்லெக்ரினோ அர்தூசியின் நூல் வெளிவந்தது 1891இல். அதில் டஸ்கனியும் எமிலியா ரோமாஞாவும் நிறைந்திருக்கின்றன, தெற்குக்கு மிகக் குறைந்த இடமே உண்டு. நேப்பிள்ஸின் பீட்சா, வடக்கு இத்தாலியில் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். நியூயார்க்கின் ஸ்பிரிங் தெருவில் லொம்பார்டியின் பீட்சா கடை 1905லேயே நடந்துகொண்டிருந்தது. ரோமின் புனிதப் பண்டமாகிவிட்ட கார்பொனாராவுக்குப் போருக்கு முந்தைய ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. அதன் செய்முறை முதலில் அச்சேறியதாக அறியப்படுவது 1952இல், சிகாகோ உணவகங்களுக்கான ஒரு வழிகாட்டி நூலில். 1954இல் ‘லா குச்சீனா இதாலியானா’ பத்திரிகை வெளியிட்ட செய்முறையில் பூண்டும் சுவிட்சர்லாந்தின் க்ருயேர் சீஸும் இருந்தன. இன்று ரோமில் ஒருவர் அப்படிச் செய்தால் ஊரே திரண்டு சண்டைக்கு வரும். தக்காளியே அமெரிக்கக் கண்டத்துச் செடி. மிளகாயையும் தக்காளியையும் கழித்துவிட்டால் நம் குழம்பில் என்ன மிஞ்சும் என்று யோசித்திருக்கும் தமிழ் வாசகருக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இருக்காது.

பார்மா பல்கலைக்கழகத்தின் ஆல்பெர்த்தோ கிராந்தி இந்த வாதத்தை எல்லைவரை இழுத்துச் சென்று, இத்தாலியப் பாரம்பரியங்களில் பெரும்பகுதி போருக்குப் பின் வணிகம் கட்டிய கதை என்கிறார். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வட்டாரச் சமையல்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. போலோஞாவின் கைப்பாஸ்தாவை யாரும் 1950இல் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அவற்றை ஒன்றாகக் கோத்து, இதுதான் முறை, இதிலிருந்து விலகினால் குற்றம் என்று தீர்ப்பெழுதும் வழக்கம் புதியது. 2025 டிசம்பரில் டெல்லியில் கூடிய யுனெஸ்கோ குழு, தீபாவளியைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த அதே நாளில் இத்தாலியச் சமையலையும் சேர்த்தது. பாராட்டத்தக்க முடிவு. ஆனால் ஒரு மரபுக்கு முத்திரை கிடைக்கும்போது, கப்பலேறிப் போன அதன் கிளைக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை என்பதும் கூடவே உறுதியாகிறது.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் செய்து, புலம்பெயர்ந்தோர் மரபு என்று பெயர் சூட்டிவிடலாமா என்று கேட்கலாம். கூடாது. தனிச் சமையல் என்று ஒப்புக்கொள்வதன் பயனே, அதை அதன் சொந்த அளவுகோலால் கறாராக அளக்க முடிவதுதான். சாஸ் அந்த அடுப்பிலேயே பல மணி நேரம் கொதித்ததா, உருண்டை மென்மையாக இருக்கிறதா, பொரித்த கோழி சாஸுக்கு அடியிலும் மொறுமொறுப்பை இழக்காமல் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கலாம். 1982இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஜெனரல் மில்ஸ் என்ற பெரும் உணவு நிறுவனம் தொடங்கிய ஆலிவ் கார்டன் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். 2014இல் ஸ்டார்போர்ட் என்ற முதலீட்டு நிறுவனம் அதன் இன்றைய தாய் நிறுவனத்தைக் குறைகூறி கிட்டத்தட்ட முந்நூறு பக்கத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பாத்திரங்களின் உத்தரவாதக் காலம் நீள வேண்டும் என்பதற்காகப் பாஸ்தா வேகும் தண்ணீரில் உப்புப் போடுவதையே நிறுத்திவிட்டார்கள் என்பது அதிலிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. இதைக் கண்டிக்க இத்தாலியைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. ரோட் ஐலண்டின் எந்தக் குடும்ப உணவகத்திலும் உப்பில்லாமல் வெந்த பாஸ்தாவை ஏற்கமாட்டார்கள்.

பெயர்கள் பற்றிய ஆட்சேபம் இன்னும் வலுவானது. விஸ்கான்சினில் செய்த சீஸைப் பார்மிசான் என்று விற்பது, பார்மிஜானோ ரெஜ்ஜானோவை விதிப்படி செய்யும் உற்பத்தியாளரின் பிழைப்பைத் தொடுகிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் அவர்கள் பக்கம் நின்றதில் நியாயம் உண்டு. கடையில் விற்கும் பொட்டலத்தில் எது எங்கே செய்யப்பட்டது என்று தெளிவாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் வணிகப் பெயருக்கான உரிமை வேறு, ருசிக்கான தகுதி வேறு. இங்கே சைவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. அசல் பார்மிஜானோவில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைத்தான் சேர்க்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் செய்யும் பார்மிசான்களில் சிலவற்றுக்கு நுண்ணுயிரி நொதி போதும். நியூ ஜெர்சிக்கு வேலைக்குப் போன சைவத் தமிழருக்கு, கத்தரிக்காய் பார்மிஜானின் மேல் ‘போலி’ இருந்தால்தான் நிம்மதி.

உடல்நலம் பற்றிய குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் கிடையாது. ஒரு தட்டு இருவருக்குப் போதும். உப்பும் கொழுப்பும் கூடுதல்தான். நாளெல்லாம் மண்வெட்டியவருக்கு ஏற்ற அளவு, நாளெல்லாம் கணினிமுன் உட்கார்ந்திருப்பவருக்கு ஏற்றதல்ல. பங்கிட்டுச் சாப்பிடலாம், மிச்சத்தைக் கட்டி வாங்கிப் போகலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

உண்மையில் இந்தச் சாப்பாட்டின் மேலுள்ள ஏளனத்தின் வேர் வர்க்கத்தில் இருக்கிறது. 1973இல் மார்செல்லா ஹசானின் முதல் சமையல் நூல் வந்தது. அருமையான நூல், அமெரிக்கர்களுக்கு வேறோர் இத்தாலியைக் காட்டியது. பின்னால் நடந்ததற்கு அவர் பொறுப்பல்ல என்றாலும், 1980களில் ‘வடக்கு இத்தாலிய’ உணவகம் என்ற பலகை உயர்ந்த ரசனையின் அடையாளமாயிற்று. சிவப்பு சாஸ் கடை என்பது இளப்பமான பேச்சாயிற்று. தெற்கத்தியரை வடக்கத்தியர் தாழ்வாகப் பார்த்த பழைய இத்தாலிய மனப்பான்மை, அட்லாண்டிக்கைக் கடந்து வந்து உணவுப் பட்டியலில் குடியேறியது. 2013இல் மன்ஹாட்டனில் திறந்த கார்போன் உணவகம் அதே சிவப்பு சாஸ் பண்டங்களை ஆடம்பரமாக்கி, ஒரு தட்டு ரிகடோனி பாஸ்தாவை முப்பது டாலருக்கு மேல் விற்கிறது. அங்கே மேசை கிடைக்க வரிசையில் நிற்பவர்களுக்கு அது அசலா என்ற கவலை இல்லை.

அந்தக் கவலை முழுதும் தெருமுனைக் குடும்ப உணவகத்தின் தலையில்தான் விழுகிறது. அங்கே பேரப்பிள்ளைகள் வக்கீலாகவும் கணக்காயராகவும் போய்விட்டார்கள். நியூயார்க்கில் அடுப்படியில் நிற்பவர் பெரும்பாலும் மெக்சிகோவின் புவெப்லாவிலிருந்தோ ஈக்வடாரிலிருந்தோ வந்தவர். சிசிலிக்காரர் அன்று நின்ற அதே இடத்தில், அதே காரணத்துக்காக நிற்கிறார், அந்த சாஸை நன்றாகவே செய்கிறார். வாடகை ஏறுகிறது. இணையத்தில் ‘அசல் இல்லை’ என்று இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அஞ்சி, உரிமையாளர் பேக்ட் ஸீட்டியைப் பட்டியலிலிருந்து நீக்குகிறார். அந்த இடத்தில் புர்ராட்டா சீஸும், ட்ரஃபிள் காளான் எண்ணெய் தெளித்த பாஸ்தாவும் ஏறுகின்றன. சந்தையிலுள்ள ட்ரஃபிள் எண்ணெயில் பெரும்பகுதி, ஆய்வகத்தில் செய்த வாசனையைச் சாதாரண எண்ணெயில் கலந்தது.